அறவீரன் எங்கே தவறினான்?

கற்பனை ஆட்டத்துப் பாத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று இதற்குப் பெயர் சூட்டலாம். உண்மையில் இஃது ஒரு சண்டையின் வரலாறு. மன்றத்து நண்பர்களிற் சிலர் அச்சண்டையை நேரிற் கண்டவர்கள். ஒரு சனிக்கிழமை இரவு, மணி இரண்டைத் தாண்டிய பின், விடுதியின் மூன்றாம் மாடியில் எழுந்த கூச்சலைக் கேட்டு, தூக்கக் கண்களோடு ஓடி வந்தவர்களும் உண்டு. அன்று முதல் இரண்டு நண்பர்கள் உணவுக் கூடத்தில் ஒரே மேசையில் அமர்வதில்லை. அதற்குக் காரணமான தீர்ப்பைச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பு முறையானதுதானா என்று அறிய வேண்டி, அதன் பின்னர் நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக முதலில் அதைப் பற்றிச் சில சொற்கள். சதுரங்கத்தைப் போல் பலகையில் ஆடுவது அன்று இது, பேசியே ஆடுவது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் நடுவர். உலகத்தைப் படைப்பவரும் அவரே. அதில் வாழும் பகைவரும் வழிப்போக்கரும் அவரே. மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். “குகையின் வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளிருந்து புகை நாற்றம் வருகிறது. என்ன செய்வீர்கள்?” என்று நடுவர் கேட்பார். அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்லுவர். ஐயம் எழும் இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவர். முடிவாக வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்பது இல்லை. ஒரே கதை மாதக் கணக்கில் நீளும். ஆண்டுக் கணக்கில் நீண்டதும் உண்டு.

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர் ஆக்கிய அது, 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் பண்டைப் போர்களை ஆடிப் பார்த்த கூட்டத்தினர் அவர்கள். ஒரு படையை நடத்துவதை விட்டு ஒரே ஒரு மனிதனாக நடப்பது என்பதே அவர்கள் கண்ட புதுமை.

இனி எங்கள் சண்டை. எங்கள் குழுவில் நான்கு பாத்திரங்கள். ஓர் அறவீரன், ஒரு கள்வன், ஒரு மந்திரவாதி, ஒரு சமயகுரு. அறவீரன் என்று நான் குறிப்பது ‘பாலடின்’ என்னும் பாத்திரத்தை. அன்றிரவு அவர்கள் குகையில் ஒரு காப்ளினைச் சிறைபிடித்தார்கள். காப்ளின் என்பது குள்ளப் பூதம் போன்ற ஓர் இனம். “வழியைச் சொல்; உன் உயிருக்கு நான் பொறுப்பு” என்று அறவீரன் வாக்குக் கொடுத்தான். அது வழியைச் சொன்னது. அறவீரன் அடுத்த அறைக் கதவைப் பார்க்க முன்னே சென்றான். அப்போது கள்வனாக ஆடிய நண்பர் தாழ்ந்த குரலில், “நான் பின்தங்கி நிற்கிறேன். கத்தியை எடுக்கிறேன்” என்றார். காப்ளின் மாண்டது.

அவர் சொன்னதை மேசையில் இருந்த எல்லோரும் கேட்டோம். அறவீரனாக ஆடிய நண்பரும் கேட்டார், சிரித்தார். உடனே நான் தீர்ப்புச் சொன்னேன்: “கொடுத்த வாக்கைக் கைவிட்டாய். இனி நீ அறவீரன் அல்லன், வெறும் போர்வீரன்.” ஒன்பது வாரம் வளர்த்த பாத்திரம் ஒரு நொடியில் போயிற்று. “கொன்றவன் நானா?” என்று அவர் எழுந்தார். “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும், அவன் கள்வன்” என்றார் மற்றவர். அதற்குப் பின் பேசப்பட்டவை அச்சில் ஏற்றத் தகுந்தவை அல்ல.

பாத்திர வகைகளின் பிறப்பைப் பார்த்தால் இந்தச் சண்டையின் வித்து எவ்வளவு பழையது என்பது விளங்கும். 1974-இல் இருந்த வகைகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. அவை தொழிற் பிரிவுகள் என்ற அளவில் நின்றன. வாள் வீசுபவன் ஒருவன், மந்திரம் ஓதுபவன் ஒருவன், காயத்தை ஆற்றுபவன் ஒருவன். ஒருவனுக்கு ஒருவன் வேண்டும். அறவீரனும் கள்வனும் அடுத்த ஆண்டு, 1975-இல், ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில் சேர்க்கப்பட்டனர். இருவரும் ஒரே நூலிற் பிறந்த இரட்டையர் என்பதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் மேசையில் முட்டிக்கொண்டவர்களும் அவர்கள்தாமே!

இவ்விருவரோடு ஒரு புதுமை நுழைந்தது. போர்வீரன் என்ற சொல் ஒருவன் செய்யும் தொழிலைச் சொல்கிறது. அறவீரன் என்ற சொல் அவன் எத்தகையவன் என்பதையும் சொல்கிறது. சார்லமேன் மன்னனைச் சூழ்ந்து நின்ற வீரர்களைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதைகளிலிருந்து வந்த பெயர் அது. அவன் தொட்டால் நோய் தீரும். தீமை அருகில் இருந்தால் உணர்வான். இத்தனை ஆற்றலுக்கும் விலை ஒழுக்கம். ஒழுக்கம் தவறினால் ஆற்றல் அத்தனையும் போய்விடும், மீளாது.

இதில் ஒரு கணக்கும் உண்டு. அறவீரனாக வேண்டுமெனின் கவர்ச்சிப் பண்பு 17-க்குக் குறையக்கூடாது என்பது விதி. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டும் பழைய முறையில் 216 வகையாக விழலாம். அவற்றுள் 17 அல்லது 18 வருவன நான்கே. ஆகவே 54-இல் ஒரு முறைதான் அந்த நல்லூழ் வாய்க்கும். 1978-ஆம் ஆண்டு விதிநூல் மற்றப் பண்புகளுக்கும் எல்லைகள் வைத்ததால் வாய்ப்பு இன்னும் அரிதாயிற்று. இவ்வளவு அரிதாகக் கிடைத்த ஒன்றை நடுவன் ஒருவன் தன் வாய்ச்சொல்லால் பறிக்கிறான் என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்? சண்டைக்கு ஆட்டக்காரரின் முன்கோபத்தையே காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஒழுக்கம் என்றால் எது ஒழுக்கம் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடையாக ஆட்டத்தில் ‘அலைன்மெண்ட்’ என்று ஒன்று உண்டு. நெறிச்சார்பு என்று அதைத் தமிழில் வழங்குவோம். இந்தச் சொல்லின் வரலாறுதான் நான் படித்தவற்றுள் என்னை மிகுதியும் கவர்ந்தது.

1974-இல் நெறிச்சார்புகள் மூன்று: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். அந்நூலில் அவை மூன்று பட்டியல்களாக நிற்கின்றன. இந்தப் பூதம் இந்தப் பக்கம், அந்தப் பறவை அந்தப் பக்கம் என்று போர் மூண்டால் யார் யாரோடு நிற்பார் என்பதைக் காட்டும் பட்டியல்கள் அவை. “நீ எந்தக் கட்சி?” என்பதே அங்குள்ள கேள்வி. ஒழுங்கும் குழப்பமும் மோதும் இக்கருத்து, போல் ஆண்டர்சன் 1961-இல் நூலாக்கிய ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ என்னும் புதினத்திலும், மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலும் உள்ளது. ஆனால் இரண்டிலும் பொருள் வேறு. ஆண்டர்சனின் கதையில் ஒழுங்கு ஏறக்குறைய நன்மையோடு சேர்ந்தே நடக்கிறது. மூர்காக்கிடத்திலோ அளவு மீறிய ஒழுங்கும் உயிரைக் கொல்லும். இரண்டுக்கும் இடையே உள்ள சமநிலையே காக்கப்பட வேண்டியது. ஒரு சொல், இரண்டு தந்தையர்! அச்சொல்லை நம்பி வாதிட்ட ஆட்டக்காரர் இரண்டாகப் பிரிந்ததில் வியப்பு என்ன?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு வேறு, நன்மை வேறு. குழப்பம் வேறு, தீமை வேறு என்று பிரித்தார். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் வரையப்பட்டன. 1978 விதிநூலில் அவை ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றன. ஒழுங்கான நல்லவன் ஒரு மூலையில், கட்டற்ற தீயவன் எதிர்மூலையில். இன்று ஆட்டத்தை ஒரு நாளும் ஆடாதவர்கள்கூட அரசியல் தலைவர்களையும் பேராசிரியர்களையும் இந்த ஒன்பது கட்டங்களில் அடைத்து வேடிக்கை செய்கிறார்கள். நம் மன்றத்துச் செயற்குழுவையும் ஒருவர் அப்படி அடைத்திருக்கிறார். என்னை எங்கே வைத்தார் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

கட்டங்கள் தெளிவாயின, சண்டை மட்டும் தீரவில்லை. கைகாக்ஸின் பிரிவினை அறிவுக்குப் பொருந்தியதுதான். ஆயினும் அதுவே சண்டையை வளர்த்தது என்பது என் கருத்து. “நீ எந்தக் கட்சி?” என்ற கேள்வி “நீ எத்தகைய மனிதன்?” என்ற கேள்வியாக மாறிவிட்டது. முதற் கேள்விக்குப் பட்டியலைப் பார்த்து விடை சொல்லலாம். இரண்டாவதற்கு எந்தப் பட்டியல் உதவும்? அதற்கும் தண்டனைகள் ஒட்டிக்கொண்டே வந்தன. 1979-இல் வந்த நடுவர் நூலின்படி, நெறிச்சார்பு மாறியவன் தான் அடைந்த படிநிலைகளுள் ஒன்றை இழக்க வேண்டும். பாத்திரம் நழுவுகிறதா என்று நடுவர் வரைபடம் வைத்துக் கவனிக்க வேண்டுமாம்! வாரந்தோறும் தன் நண்பர்களின் நல்லொழுக்கத்தை வரைபடத்திற் குறிப்பவனுக்கு நண்பர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்?

1980-ஐ ஒட்டி வெளிவந்த ‘எல்லைப்புறக் கோட்டை’ என்ற கதைத்தொகுப்பு, புதியவர்கள் ஆடிப் பழகுவதற்காகவே கைகாக்ஸ் எழுதியது. கோட்டைக்கு அருகில் பூத இனங்கள் வாழும் குகைகள். அவற்றுள் புகுந்து வெல்ல வேண்டும். ஆனால் அக்குகைகளில் போரிடாத பெண்களும் குட்டிகளும் இருப்பதாக நூலே சொல்கிறது. பூத இனம் தீயது என்று நெறிச்சார்பில் எழுதியிருக்கிறது. குட்டியும் தீயதா? அறவீரன் அதை என்ன செய்வான்? நூல் இதற்கு விடை தரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டக்காரர் இந்த ஒரு கேள்விக்காகக் கழுத்து நரம்பு புடைக்க வாதிட்டு வருகின்றனர். இதை நான் வீண் வாதம் என்று எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. பிறப்பினால் ஓர் இனம் முழுவதும் தீயதாக இருக்க முடியுமா என்ற கேள்வி அல்லவா அது? 2024-இல் திருத்தி வெளியிட்ட விதிநூலில் ஆர்க் என்னும் பூத இனத்தவனாகவும் ஆட்டக்காரர் பாத்திரம் ஏற்கலாம். வாதம் வீணாகவில்லை.

மீண்டும் என் தீர்ப்புக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது 1978-ஆம் ஆண்டு விதிநூல். அன்றிரவு அதைத் திறந்து பாராமலே நான் தீர்ப்புச் சொன்னேன். மறுவாரம்தான் அறவீரனைப் பற்றிய பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் இரண்டு வகைத் தவறுகள் சொல்லப்பட்டுள்ளன. அறிந்தே ஒழுங்கு மீறினால், உயர்ந்த நிலையில் உள்ள சமயகுருவிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவர் விதிக்கும் கழுவாயைச் செய்து மீளலாம். அறிந்தும் விரும்பியும் தீமை செய்தால் மீட்சி இல்லை. நான் விதித்தது இரண்டாவது தண்டனை. அவன் கையால் கொல்லவில்லை. ஆகவே தீமை செய்தவன் ஆகான். வாக்களித்த உயிரைக் காவலின்றி விட்டுச் சென்றது முதல் வகைத் தவறாகலாம். அதற்கும் ‘அறிந்தே’ என்ற சொல் வேலி போட்டு நிற்கிறது.

அறிந்தது யார்? கள்வனின் சொற்களை நண்பர் கேட்டார். அவருடைய அறவீரன் கேட்கவில்லை. அவன் அடுத்த அறையின் கதவருகே நின்றான். மேசையைச் சுற்றி இருந்த எங்கள் அறிவு குகைக்குள் இருந்த அவனுக்கு இல்லை. நண்பர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்காக நான் அறவீரனைத் தண்டித்துவிட்டேன். முகத்தின் குற்றத்துக்கு முகமூடியைத் தூக்கிலிட்ட கதை இது. நண்பரோ அத்தீர்ப்பைத் தம்மேல் சொன்னதாகவே கேட்டார். “நீ நல்லவன் அல்லன்” என்று ஐந்து பேர் நடுவே ஒருவன் சொன்னால் அவர் வேறு எப்படிக் கேட்டிருப்பார்? கள்வனின் வாதத்தில் இதே கலப்பு தலைகீழாக நிற்கிறது. “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்” என்பவர் முகமூடியின் பின்னே முகத்தை ஒளிக்கிறார். அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் யார்? அவனை அப்படிச் செய்விக்கலாம் என்று அந்த நொடியில் முடிவு செய்தவர் யார்? உலகெங்கும் இவ்வாட்டக்காரர் நடுவே இந்த வாக்கியம் ஒரு பழமொழியைப் போல இகழ்ச்சியாக வழங்குவதற்குக் காரணம் உண்டு.

இன்னொன்றும் அப்பகுதியில் கண்டேன்; கண்டு வெட்கினேன். அறவீரன் நல்லவர்களோடு மட்டுமே பழகுவான். தீயவர் அல்லாத நடுநிலையாளர் உள்ள குழுவில் சேர்வதாயின் ஒரே ஒரு பயணத்துக்கு, நற்செயல் ஒன்றைக் கருதி மட்டும் சேரலாம் என்கிறது நூல். எங்கள் கள்வன் நடுநிலையாளன். ஒன்பது வாரமாக இருவரும் ஒன்றாகவே நடந்தனர். அப்படியானால் முதற் பயணம் முடிந்தபோதே விதி மீறப்பட்டுவிட்டது. மீறவிட்டவன் நடுவனாகிய நான். அறவீரனின் ஒழுக்கம் அவனோடு நிற்பதில்லை. உடன் வருபவன் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. அவன் இருக்கும் மேசையில் கள்வன் களவு செய்ய முடியாது. களவு செய்யாவிடில் கள்வனாக ஆடுவதில் சுவை இல்லை. பாத்திரங்களைத் தேர்ந்த அன்றே இதைப் பேசியிருக்க வேண்டும்.

ஒரே ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஒரே சுவையை நாடி வருவதில்லை என்பதைப் பிறர் முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் கணிப்பொறிவழி ஆடக்கூடிய ‘மட்’ என்னும் கற்பனை உலகத்தைத் தொடங்கினார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதன் மூத்த ஆட்டக்காரர் நடுவே 1989 நவம்பர் முதல் 1990 மே வரை ஒரு நீண்ட வாதம் நடந்தது. “இந்த ஆட்டத்தில் மக்கள் விரும்புவது என்ன?” என்பதே பொருள். ஆறு மாதம் வாதிட்டும் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஏறவில்லை. பார்ட்டில் அவ்வாதத்தைத் தொகுத்துப் பார்த்து, 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாதிட்டவர் நால்வகையினர் என்று கண்டார். சாதிப்போர், துருவிப் பார்ப்போர், கூடிப் பழகுவோர், பிறரை வீழ்த்துவோர். சீட்டுக்கட்டின் நான்கு இனங்களை அவர்களுக்குப் பெயராக வைத்தார். புதையல் தேடுவோர் டைமன், தோண்டித் துருவுவோர் ஸ்பேடு, மனம் கலந்து பழகுவோர் ஆர்ட்டின், அடிப்போர் கிளாவர்.

ஒவ்வொருவரும் தம் சுவையே ஆட்டத்தின் சுவை என்று எண்ணி வாதிட்டதால் ஆறு மாதமும் செவிடர் பேச்சாயிற்று. இந்நால்வகையை நான் வேதமாகக் கொள்ளவில்லை. அவர் எழுதியது அந்த ஒருவகை ஆட்டத்தைப் பற்றி. நேற்றுத் துருவியவர் இன்று கூடிப் பேச வரலாம். ஆயினும் எங்கள் மேசைக்கு அது விளக்கு ஏற்றியது. அறவீரனாக ஆடிய நண்பருக்குச் சொல் தவறாத ஒருவனாக ஒரு கதைக்குள் வாழ்ந்து பார்ப்பது சுவை. கள்வனுக்கு, எதிர்பாராததைச் செய்து மேசையைத் திடுக்கிட வைப்பது சுவை. மந்திரவாதியாக ஆடியவர் தேர்வுக் காலத்து அலுப்பை மறக்க வந்தவர். சண்டை மூண்டதும் முதலில் எழுந்து போனவர் அவர்தாம். எனக்கோ, உண்மையைச் சொன்னால், தீர்ப்புச் சொல்வது சுவை.

பின்னாளைய விதிநூல்கள் இந்தப் புண்ணை ஆற்றப் பல வழிகளில் முயன்றன. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு நெறிச்சார்புகளை ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஒருமுறை அறவீரன் ஆனவன் என்றும் அறவீரனே என்று கூறி, நடுவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிவிட்டது. பழைய ஆட்டக்காரர் பலருக்கு அது பிடிக்கவில்லை. வீழ முடியாதவனுக்கு நிற்பதில் என்ன பெருமை என்றார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 2014 பதிப்பு ஒரு நடுவழி கண்டது. நெறிச்சார்பின் ஒன்பது கட்டங்கள் திரும்பி வந்தன. ஆயின் அறவீரனைக் கட்டுவது அவன் தானே தேர்ந்துகொள்ளும் சபதம். பற்றுறுதிச் சபதம் ஏற்றவன் பொய் சொல்லான். பழிவாங்கும் சபதம் ஏற்றவனோ பகைவனை அழிக்க எவ்வழியையும் கொள்வான். எங்கள் காப்ளினை முதலாமவன் காத்திருக்க வேண்டும். இரண்டாமவன் கொன்றாலும் சபதம் குலையாது. ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல்கள். அளவுகோலைத் தேர்பவர் ஆடுபவரே. எனக்கு இம்முறை பிடித்திருக்கிறது, சிறிது தயக்கத்தோடு.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு, போன சனிக்கிழமைக்கு முன்னால் அறவீரனாக ஆடிய நண்பரின் அறைக்குப் போனேன். தீர்ப்புத் தவறு, ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வேண்டாம். வாக்குக் கொடுத்த உயிரை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்கப் போனேனே, அது என் தவறுதான். கழுவாய் தேடிப் போகிறேன். ஆனால் என்னைச் சிரித்தவன் என்று சொல்லித் தண்டிக்காதே” என்றார். அவருடைய வீரன் இப்போது மலைமேல் உள்ள சமயகுருவைத் தேடிக் குதிரையின்றி நடந்து கொண்டிருக்கிறான்.

கள்வனாக ஆடியவர் இன்னும் மேசைக்கு வரவில்லை. அவருடைய பாத்திரத்தாள் என் இழுப்பறையில் இருக்கிறது. அதன் பின்புறம் அவர் பென்சிலால் ஒரு காப்ளினின் படம் வரைந்து வைத்திருக்கிறார். நன்றாகவே வரைவார். அதை எடுத்துக்கொண்டு இன்று மாலை அவர் அறைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.